பக்கவாதத்தின் முதல் மணி நேரங்கள்: சிடி ஸ்கேனா, எம்ஆர்ஐயா?

"ஏனுங்க டாக்டர், சின்ன ஸ்கேன் எதுக்குங்க? நேரா பெரிய ஸ்கேனே எடுத்துப் போடலாமுங்களே?"

கை கால் விழுந்த நிலையில் ஒருவரை அவசரப் பிரிவுக்குத் தூக்கி வரும் குடும்பத்தில் யாராவது ஒருவர், பெரும்பாலும் மூத்த மருமகனோ துணைக்கு வந்த பங்காளியோ, இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். சின்ன ஸ்கேன் என்று அவர் சொல்வது சிடியை. பெரிய ஸ்கேன் என்பது எம்ஆர்ஐயை. செலவு கூடினாலும் பரவாயில்லை, நன்றாகப் பார்த்துவிட வேண்டும் என்ற பரிவுதான் அந்தக் கேள்வியில் இருக்கிறது. ஈரோட்டுக்கும் தாராபுரத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் பல ஆண்டுகளாக மூளைப் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதி வருபவன் நான். ஸ்கேன் அறை வாசலில் நின்றபடி அரை நிமிடத்தில் சொல்லி முடிக்க இயலாத அந்தப் பதிலை இங்கே முழுமையாக எழுதிவிட விரும்புகிறேன்.

படத்தின் தெளிவை மட்டும் அளவுகோலாக வைத்தால் எம்ஆர்ஐதான் சிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பக்கவாதம் வந்த முதல் சில மணி நேரங்களில், நம் பகுதியில் இருக்கும் வசதிகளையும் சாலைகளையும் கணக்கில் கொண்டால், பெரும்பாலானவர்களுக்கு முதலில் எடுக்க வேண்டியது சிடியும் அதே மேசையில் அதைத் தொடர்ந்து, ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோகிராமும்தான். எம்ஆர்ஐ முந்திக்கொள்ள வேண்டிய நோயாளிகளும் உண்டு. அவர்கள் யார் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட முடியும். இரண்டில் எதை எடுத்தாலும், ஸ்கேன் எடுக்கும் கூரையின் கீழேயே ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடும் மருத்துவரும் இருக்க வேண்டும் என்பது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டாலும் பக்கவாதம் வரும். வெடித்துக் கசிந்தாலும் வரும். அடைப்பால் வருவதே அதிகம் என்றாலும், ரத்தக் கசிவால் வருவது அரிதானதல்ல. வெளியில் தெரியும் அறிகுறிகள் இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும்: வாய் ஒரு பக்கம் கோணும், கை தொங்கும், பேச்சு குழறும். எத்தனை அனுபவம் வாய்ந்த மருத்துவராலும் படுக்கையருகே நின்று இது அடைப்பு, இது கசிவு என்று உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. சிகிச்சையோ நேரெதிரானது. அடைப்பு என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து உயிரையும் கை காலையும் காப்பாற்றும். கசிவாக இருக்கும்போது அதே ஊசியைப் போட்டால் அது உயிரைப் பறித்துவிடக்கூடும். ஆல்டெபிளேஸ் என்ற மருந்து முதல் 3 மணி நேரத்துக்குள் பயன் தருகிறது என்று 1995இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. 2008இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு அந்த எல்லையை நாலரை மணி நேரமாக நீட்டியது. இப்போது பரவலாகி வரும் டெனெக்டெபிளேஸை ஒரே ஊசியாகச் செலுத்திவிடலாம் என்பதால் வேலை இன்னும் எளிது. பெரிய குழாய் ஒன்று அடைபட்ட மூளையில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006இல் கணக்கிட்டார்கள். ஆகவே முதல் ஸ்கேனிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி மிகவும் குறுகியது: உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறதா, இல்லையா?

இந்தக் கேள்விக்கு விடை சொல்வதில் சிடியை மிஞ்ச எதுவும் இல்லை. 1971இல் லண்டன் விம்பிள்டனில் உள்ள ஒரு மருத்துவமனையில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. 1979இல் அவருக்கும் ஆலன் கார்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அன்று நிமிடக் கணக்கில் எடுத்த படம் இன்று சில வினாடிகளில் முடிந்துவிடுகிறது. புதிதாகக் கசிந்த ரத்தம் சிடியில் வெள்ளை வெளேரென்று தெரியும். சாம்பல் நிற மூளைக்கு நடுவே அந்த வெள்ளையைக் கண்டுகொள்ள நிபுணர் தேவையில்லை. நள்ளிரவுப் பணியில் இருக்கும் பயிற்சி மருத்துவரே சொல்லிவிடுவார். நோயாளி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாலும், ஆக்சிஜன் சிலிண்டரும் சலைன் பாட்டிலும் கூடவே வந்தாலும், இடுப்பில் வெள்ளி அரைஞாண் இருந்தாலும் சிடி தடையின்றி நடக்கும். கதிர்வீச்சைப் பற்றிப் பலரும் அஞ்சுகிறார்கள். தலைக்கு எடுக்கும் ஒரு சிடியில் ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு உண்டு. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஓராண்டில் நம் உடம்பு இயல்பாகவே வாங்கிக்கொள்ளும் அளவைவிட அது அதிகமில்லை. கை கால் விழுந்திருக்கும் வேளையில் அதை எண்ணித் தயங்க வேண்டியதில்லை.

சிடியின் குறை வேறிடத்தில் இருக்கிறது. கசிவை உடனே காட்டும் அந்தப் படம், அடைப்பை முதல் சில மணி நேரங்களில் சரியாகக் காட்டாது. 2007இல் லான்செட் இதழில் வெளியான ஓர் ஆய்வில், பக்கவாதமாக இருக்கலாம் என்ற ஐயத்துடன் வந்த 356 பேருக்கு சிடி, எம்ஆர்ஐ இரண்டையும் எடுத்துப் பார்த்தார்கள். உண்மையிலேயே பக்கவாதம் வந்தவர்களில் எம்ஆர்ஐ 83 சதவீதம் பேரைச் சரியாகக் கண்டுபிடித்தது. சிடி 26 சதவீதம் பேரை மட்டுமே கண்டுபிடித்தது. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு "அப்படியானால் சிடி எதற்கு?" என்று கேட்பது இயல்பு. ஆனால் நாம் முன்பு கேட்ட குறுகிய கேள்வியை மறந்துவிடக் கூடாது. அறிகுறிகள் பக்கவாதத்தைச் சொல்கின்றன, விரல் நுனியில் எடுத்த சர்க்கரை அளவு சரியாக இருக்கிறது, சிடியில் கசிவு இல்லை, நேரமும் எல்லைக்குள் இருக்கிறது என்றால், அடைப்பைக் கண்ணால் பார்க்காமலே ஊசி போடலாம். 1995 ஆய்வே வெற்று சிடியை, அதாவது நரம்பில் மருந்து ஏற்றாமல் எடுக்கும் சிடியை, நம்பித்தான் நடந்தது.

இங்கேதான் ஒரு சொல் பெருங்கேடு செய்கிறது. "சிடி நார்மல்" என்று சொன்னதும், ஒன்றுமில்லை என்று புரிந்துகொண்டு ஆளை வீட்டுக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள். முதல் 3 மணி நேரத்தில் சிடி நார்மலாக இருப்பது நல்ல செய்திதான். ஆனால் அதற்குப் பொருள், கசிவு இல்லை, மூளை இன்னும் பெரிதாகச் சாகவில்லை, ஊசி போட இதுவே தருணம் என்பதாகும். என் அறிக்கைகளில் "நார்மல்" என்று மொட்டையாக எழுதுவதை நான் நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. "கசிவு இல்லை, அடைப்பால் வந்த பக்கவாதத்தை இந்தப் படம் மறுக்கவில்லை" என்றுதான் எழுதுகிறேன்.

பழகிய கண்ணுக்கு வெற்று சிடியிலும் சில துப்புகள் கிடைக்கும். நடுமூளைத் தமனி ஒரு வெள்ளைக் கோடாகத் தடித்துத் தெரிந்தால் அதற்குள் ரத்தக்கட்டி உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். இன்சுலா என்ற மடிப்பின் ஓரத்தில் இருக்க வேண்டிய சாம்பல் விளிம்பு மங்கிப் போயிருந்தால் அங்கே சேதம் தொடங்கிவிட்டது. அந்தத் தமனி பாயும் பரப்பைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்து, கெட்டுப்போன ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மதிப்பெண் கழிக்கும் முறையை கனடாவின் கால்கரி நகர மருத்துவர்கள் 2000இல் வகுத்தார்கள். ஆஸ்பெக்ட்ஸ் என்று அதற்குப் பெயர். பத்துக்குப் பத்து என்றால் மூளை பெரும்பாலும் பிழைத்திருக்கிறது. இதைப் படித்துச் சொல்லப் பயிற்சி வேண்டும். கணினித் திரையின் வெளிச்ச அளவைச் சற்றே குறுக்கிப் பார்க்கும் பொறுமையும் வேண்டும். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்க்கும் ஃபிலிமில் இது பிடிபடாது.

எம்ஆர்ஐயின் வல்லமை டிஃப்யூஷன் என்ற ஒரு வகைப் படத்தில் இருக்கிறது. நலமான மூளைத் திசுவில் அணுக்களுக்கு வெளியே இருக்கும் நீர் தாராளமாக நகர்ந்துகொண்டே இருக்கும். ரத்தம் நின்றுபோனால் சில நிமிடங்களில் அணுக்களின் உப்பு இறைக்கும் வேலை நின்று, நீர் உள்ளே புகுந்து, அணு வீங்கி, மடை அடைத்த பாத்தியில் தேங்கியதுபோல நீர் நகர முடியாமல் நின்றுவிடுகிறது. அந்தத் தேக்கத்தை டிஃப்யூஷன் படம் வெண்மையாகக் காட்டும். கடலை அளவுப் புண்ணும் இருட்டில் ஏற்றிய விளக்குப்போல் தெரியும். கசிவைக் கண்டுபிடிப்பதிலும் எம்ஆர்ஐ பின்தங்கியதல்ல. அதற்குரிய படவகையைச் சேர்த்து எடுத்தால் புதிய கசிவைச் சிடிக்கு இணையாகக் காட்டும் என்று 2004இல் வெளியான ஆய்வே நிறுவிவிட்டது. ஆக, அறிவியல் அளவில் எம்ஆர்ஐ ஒன்றே போதும் என்று வாதிடலாம். சில பெரிய மையங்களில் அப்படியே செய்கிறார்கள். தேவையான படவகைகளை மட்டும் எடுத்துப் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார்கள்.

நம் ஊர்களில் அந்தப் பத்து நிமிடம் ஏன் முக்கால் மணி நேரமாகிறது என்பதை அருகிலிருந்து பார்த்தால்தான் விளங்கும். எம்ஆர்ஐயின் காந்தம் இரவும் பகலும் விழித்திருக்கும். சுவிட்சைத் தட்டி அணைக்கக்கூடியதல்ல. 2018இல் மும்பையில் ஆக்சிஜன் சிலிண்டருடன் அந்த அறைக்குள் நுழைந்த ஒருவரைக் காந்தம் இழுத்து அவர் இறந்தே போனார். எனவே உள்ளே விடும் முன் ஒவ்வொருவரையும் தலை முதல் கால் வரை பார்க்க வேண்டும். எழுபது வயது அம்மா ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காதில் தோடு, மூக்கில் மூக்குத்தி, கழுத்தில் தாலிக்கொடியும் அதில் கோத்த ஊக்குகளும், இடுப்பில் தாயத்து, காலில் மெட்டி. ஐம்பது ஆண்டுகளாகக் கழற்றாத மெட்டி விரலில் பதிந்து சதை மூடிக் கிடக்கும். தங்கத்தையும் வெள்ளியையும் காந்தம் இழுக்காது என்றாலும், நகைக்குள் கலந்த உலோகம் எது என்று யாராலும் சொல்ல முடியாததாலும், சூடாகும் என்பதாலும், படம் கெடும் என்பதாலும் எல்லாவற்றையும் கழற்றச் சொல்கிறோம். தாலியைக் கழற்ற மகள் தயங்குவாள். மஞ்சள் கயிறு ஒன்றை மாற்றிக் கட்டிவிட்டுத்தான் கொடியைக் கழற்றுவாள். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கடிகாரம் மதிப்பதில்லை.

ஆண்களிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கோவையிலும் சுற்று வட்டாரத்திலும் லேத் பட்டறை, ஃபவுண்டரி, வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்க்காத குடும்பமே குறைவு. இளமையில் எப்போதோ கண்ணில் தெறித்து உள்ளேயே தங்கிவிட்ட இரும்புத் துணுக்கு எம்ஆர்ஐ காந்தத்தில் நகர்ந்தால் பார்வையே போய்விடலாம். "கண்ணுல இரும்புத்தூள் உழுந்து எடுத்திருக்கீங்களா?" என்று நோயாளியிடம் கேட்க வேண்டும், பக்கவாதத்தால் பேச்சிழந்தவரிடம் கேட்டுப் பயனில்லை, கூட வந்த மகனுக்கு அப்பாவின் முப்பது வருடப் பட்டறைக் கதை முழுவதும் தெரிந்திருக்காது. ஐயம் இருந்தால் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரேயோ சிடியோ எடுக்க வேண்டியதாகிறது. எம்ஆர்ஐக்கு முன்பே சிடி மேசைக்குப் போக வேண்டிவரும் என்றால், அங்கேயே மூளையையும் பார்த்துவிடலாம் அல்லவா? இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், தலையை ஆட்டிக்கொண்டே இருப்பவர்கள், வாந்தி எடுப்பவர்கள், மூச்சுத் திணறுபவர்கள் ஆகியோருக்கும் அந்தக் குறுகிய குழாய்க்குள் பல நிமிடங்கள் அசையாமல் கிடப்பது எளிதல்ல.

சிடிக்கும் எம்ஆர்ஐக்கும் இடையே மட்டும் போட்டி என்று நினைப்பதால் மூன்றாவது ஒன்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். முழங்கை மடிப்பின் நரம்பில் சற்றுப் பெரிய ஊசி ஏற்றி, அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி, நெஞ்சின் மேற்பகுதியிலிருந்து உச்சந்தலை வரை ரத்தக்குழாய்களைப் படமெடுப்பது சிடி ஆஞ்சியோகிராம். வெற்று சிடி முடிந்த அதே மேசையில் இன்னும் ஐந்து நிமிடத்தில் இது முடிந்துவிடும். பெரிய குழாயில் அடைப்பு இருந்தால் ஊசி மருந்து மட்டும் பல நேரங்களில் போதாது. தொடை வழியாகக் கம்பி செலுத்திக் கட்டியை உருவி எடுக்கும் த்ராம்பெக்டமி வேண்டும். நெதர்லாந்தில் நடந்த எம்ஆர் கிளீன் உள்ளிட்ட ஐந்து ஆய்வுகள் 2015இல் அடுத்தடுத்து வெளிவந்து அந்தச் சிகிச்சையின் பயனை ஐயமற நிலைநாட்டின. எந்தக் குழாய், எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்று தெரியாமல் அந்தச் சிகிச்சைக்கு ஆளை அனுப்ப முடியாது. அயோடின் மருந்தால் சிறுநீரகம் கெட்டுவிடுமோ என்ற பயத்தில், சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் பரிசோதனை முடிவு வரும்வரை ஆஞ்சியோகிராமைத் தள்ளிப்போடுவது இன்றும் பல இடங்களில் நடக்கிறது. பெரிய அடைப்பு என்ற வலுவான ஐயம் இருந்து, ஏற்கெனவே சிறுநீரக நோய் இருப்பதாகத் தெரியாத நிலையில், அந்த முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதே ஏற்கப்பட்ட வழிகாட்டுதல். என்னைக் கேட்டால், முதல் மணி நேரத்தில் எம்ஆர்ஐக்குச் செலவிடத் தயாராக இருக்கும் பணத்தையும் நேரத்தையும் சிடி ஆஞ்சியோகிராமுக்குச் செலவிடுங்கள் என்றே சொல்வேன்.

தூக்கத்தில் வந்த பக்கவாதம் தனிக் கணக்கு. இரவு நன்றாகப் படுத்தவர் விடியலில் கை வராமல் எழுந்தால், எப்போது தொடங்கியது என்று தெரியாது. கடைசியாக நலமாக இருந்த நேரத்திலிருந்துதான் நாலரை மணி நேரத்தை எண்ண வேண்டும் என்பதால் பலருக்கும் ஊசிக்கான வாய்ப்பு தூக்கத்திலேயே கழிந்துவிடுகிறது. எம்ஆர்ஐ உண்மையாகவே உயிர்நாடியாகும் இடம் இது. டிஃப்யூஷன் படத்தில் புண் தெரிந்து, ஃபிளேர் என்ற மற்றொரு படவகையில் அது இன்னும் தெரியாமல் இருந்தால், பாதிப்பு தொடங்கிப் பெரும்பாலும் நாலரை மணி நேரம் ஆகியிருக்காது. இந்த வேறுபாட்டை நம்பி 503 பேரிடம் நடத்திய வேக்-அப் ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஊசி போட்டவர்களில் 53 சதவீதம் பேரும் போடாதவர்களில் 42 சதவீதம் பேரும் நன்றாகத் தேறினார்கள்.

ஆனால் எம்ஆர்ஐக்கு அனுப்பும் முன் வீட்டாரிடம் பொறுமையாகப் பேச வேண்டும். காங்கேயம் பக்கத்துத் தோட்டத்துச் சாளையிலிருந்து ஒருநாள் காலை 6.10க்கு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வலது பக்கம் அசையவில்லை, பேச்சு இல்லை. "ராத்திரி எட்டரைக்கே படுத்துட்டாருங்க, அஞ்சு மணிக்குப் பால் கறக்க எழுப்பினேன், எந்திரிக்கலீங்க" என்றார் மனைவி. எட்டரை என்று எழுதியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இடையில் ஒருமுறையேனும் எழுந்தாரா என்று பணியில் இருந்த செவிலியர் கேட்டார். கேட்கத் தெரிந்தவர் அவர். அவர் வீட்டிலும் தோட்டம் உண்டு. "ரெண்டேகாலுக்கு த்ரீ ஃபேஸ் கரண்டு வந்துதுங்க சிஸ்டர். போயி மோட்டார் போட்டு, மடை திருப்பி உட்டுட்டு மூணுக்குக் கால்மணி இருக்கறப்ப வந்தாருங்க. தண்ணி குடுன்னு கேட்டு வாங்கிக் குடிச்சுட்டுத்தான் படுத்தாருங்க." இருட்டில் வரப்பின் மேல் நடந்து போய் மடை திருப்பி, திரும்பி வந்து தெளிவாகப் பேசித் தண்ணீர் வாங்கிக் குடித்தவருக்கு 2.45 மணிக்குப் பக்கவாதம் இல்லை. கணக்கு மாறிவிட்டது, 7.15 வரை நேரம் இருந்தது. சிடி, ஆஞ்சியோகிராம் முடித்து 6.45க்கு ஊசி போட்டார்கள். எம்ஆர்ஐ தேவைப்படவே இல்லை.

பெர்ஃப்யூஷன் என்ற படம் சாகும் தறுவாயில் இருக்கும் பகுதியையும் செத்துவிட்ட பகுதியையும் வண்ணத்தில் பிரித்துக் காட்டும். சிடியிலும் எடுக்கலாம், எம்ஆர்ஐயிலும் எடுக்கலாம். 2018இல் வந்த டான் ஆய்வு 24 மணி நேரம் வரையிலும், டிஃப்யூஸ் 3 ஆய்வு 16 மணி நேரம் வரையிலும் இப்படித் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்குக் கட்டியை உருவி எடுப்பதில் பெரும்பயன் இருப்பதைக் காட்டின. தாமதமாக வருபவர்களுக்கு இது பெரிய நம்பிக்கை. அதே சமயம், இந்த வசதி இல்லாத மருத்துவமனை கைகட்டி நிற்க வேண்டும் என்றும் இப்போது சொல்ல முடியாது. 2023இல் வெளியான டென்ஷன் ஆய்வில் 12 மணி நேரம் வரை வந்த, ஏற்கெனவே பெரும்பகுதி பாதிக்கப்பட்ட நோயாளிகளில் பெரும்பாலோரை வெற்று சிடியில் கண்ட ஆஸ்பெக்ட்ஸ் மதிப்பெண்ணை வைத்தே தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்கும் த்ராம்பெக்டமி பயன்பட்டது.

எம்ஆர்ஐயை முதலில் எடுக்கச் சொல்லி நானே வற்புறுத்தும் நிலைமைகள் உண்டு. திடீரென்று தலைசுற்றி, நடை தள்ளாடி, வாந்தியுடன் வருபவருக்குச் சிறுமூளையிலோ மூளைத்தண்டிலோ அடைப்பு இருக்கலாம். அந்தப் பகுதியைச் சுற்றியுள்ள தடித்த எலும்பு சிடியில் கோடுகளைக் கிழித்து உள்ளதை மறைத்துவிடும். இங்கே எம்ஆர்ஐக்கும் ஓர் எல்லை இருக்கிறது: முதல் ஓரிரு நாட்களில் சிறிய புண்ணை அதுவும் தவறவிடக்கூடும். நோயாளியின் கண் அசைவை முறையாகச் சோதிக்கத் தெரிந்த மருத்துவர் அந்த நேரத்தில் முதல் எம்ஆர்ஐயைவிடச் சரியாகச் சொல்கிறார் என்று 2009இல் வெளியான ஆய்வே காட்டியது. பிரசவமாகிச் சில நாட்களில் கடும் தலைவலியும் வலிப்பும் கை வலுவிழப்பும் சேர்ந்து வரும் இளம்பெண்ணுக்கு ரத்தம் வடியும் சிரைகளில் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். எம்ஆர் வீனோகிராமோ சிடி வீனோகிராமோ வேண்டும். இந்தியாவில் இது அரிய நோயன்று. பத்து நிமிடம் கை மரத்துப்போய்ச் சரியாகிவிட்டது என்று நடந்தே வருபவருக்கும், வலிப்புக்குப் பிறகு கை வராமல் இருப்பவருக்கும், அது பக்கவாதம்தானா என்று தீர்மானிக்க எம்ஆர்ஐ மிகவும் உதவும்.

இவையெல்லாம் மருத்துவர் எடுக்கும் முடிவுகள். அதற்கு முன் குடும்பம் எடுக்கும் முடிவு ஒன்று இருக்கிறது. என் அனுபவத்தில் சேதம் அதிகமாக நிகழ்வது அங்கேதான். வெள்ளகோவில் பக்கம் தறி ஓட்டும் ஒருவருக்குக் காலை ஒன்பதரைக்கு வலது கை விழுந்துவிட்டது. அருகில் ஒரு கிளினிக்கில் "எம்ஆர்ஐ பிரைன்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். நகரத்தில் தனியாக இயங்கும் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போய், வரிசையில் காத்திருந்து, தலை அசைந்ததால் மீண்டும் எடுத்து, ஃபிலிம் கைக்கு வர மதியம் தாண்டிவிட்டது. "நரம்பு டாக்டரைப் பாருங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மாலை நான்கு மணிக்கு மஞ்சள் பைக்குள் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்த ஃபிலிம் உறையுடன் எங்களிடம் வந்தார்கள். படம் அருமையான படம். இடது நெற்றிமடலில் விரல் நகம் அளவு வெண்மை, எந்த ஐயத்துக்கும் இடமில்லாமல் இருந்தது. ஊசிக்கான நேரம் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே முடிந்திருந்தது. ரத்தக்குழாய்ப் படம் அதில் இல்லாததால் ஆஞ்சியோகிராம் எடுத்தோம். கம்பி எட்ட முடியாத சிறு கிளையில் அடைப்பு. தார் சுற்றவும் முடி போடவும் பழகிய அந்த வலது கை இன்றும் பழையபடி இல்லை. அருகிலிருந்த மருத்துவமனை ஒன்றில் வெற்று சிடி எடுத்துப் பதினோரு மணிக்குள் ஊசி போட்டிருக்க முடியும். அந்த ஃபிலிமை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

பக்கத்து ஊரில் சிடி இருக்கும் மருத்துவமனைக்குப் போவதா, எல்லா வசதியும் உள்ள கோவைக்கே நேராகப் போய்விடுவதா என்பதும் இதே வகைக் கேள்விதான். வால்பாறையிலிருந்து இறங்க 40 கொண்டை ஊசி வளைவுகள். தாளவாடியிலிருந்து திம்பம் மலைப்பாதையில் 27 வளைவுகள். தாராபுரம், மூலனூர் பக்கத்திலிருந்து கோவை வெகுதொலைவு. ஸ்பெயினின் கட்டலோனியாவில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், பெரிய அடைப்பு என்று ஐயப்பட்ட 1,401 பேரில் ஒரு பாதியை அருகிலுள்ள மருத்துவமனைக்கும் மறுபாதியை நேராகப் பெரிய மையத்துக்கும் கொண்டுபோனார்கள். அடைப்பு இருந்தவர்கள் தேறிய அளவில் வேறுபாடு இல்லை. ரத்தக் கசிவு இருந்தவர்கள் நெடுந்தூரப் பயணத்தால் மேலும் மோசமானார்கள். அங்கே அருகிலுள்ள மருத்துவமனைகள் எந்நேரமும் ஊசி போட ஆயத்தமாக இருந்தவை என்பதை மறக்கக் கூடாது. ஆகவே 108ஐ அழைத்தவுடன், வண்டி வருவதற்குள், போகப்போகும் மருத்துவமனைக்கு ஒரு போன் செய்து மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: சிடி இப்போது ஓடுகிறதா, படத்தைப் பார்த்து முடிவெடுக்க ஆள் இருக்கிறாரா, கட்டி கரைக்கும் ஊசி கையிருப்பில் இருக்கிறதா. மூன்றுக்கும் ஆம் என்றால் அங்கே போங்கள். ஊசியைப் போட்டுக்கொண்டு, தேவையானால் அங்கிருந்து கோவைக்கு ஏறலாம். சிடி மட்டும் இருந்து மற்ற இரண்டும் இல்லையென்றால், அந்த இடம் அருகில் இருப்பதால் பயனில்லை. அதைத் தாண்டி மூன்றும் இருக்கும் அடுத்த மருத்துவமனைக்குப் போங்கள்.

மருத்துவமனைக்குள்ளும் நிமிடங்கள் கசிகின்றன. பின்லாந்தின் ஹெல்சிங்கி மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரையே நேராக சிடி மேசையருகே கொண்டுபோய், ஊசியையும் அங்கேயே போட்டு, வாசலுக்கு வந்ததிலிருந்து ஊசி வரைக்குமான நேரத்தை 2011இல் சராசரியாக 20 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.  ஆம்புலன்ஸிலிருந்து முன்கூட்டியே தகவல் வந்தது. ஆள் வருவதற்குள் சிடி மேசை காலியாக இருந்தது. மருந்து கலந்து ஆயத்தமாக இருந்தது. நம் மருத்துவமனைகளில் அட்மிஷன் சீட்டு போட்டு, வார்டில் படுக்க வைத்து, பிறகு ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும் வழக்கத்தை மாற்றினாலே போதும். எம்ஆர்ஐக்கும் சிடிக்கும் இடையே நாம் எண்ணிக்கொண்டிருக்கும் நிமிடங்களைவிட அதிகமான நிமிடங்கள் அங்கே மிஞ்சும்.

ஊசி போட்டு 24 மணி நேரம் கழித்து மறுபடியும் ஒரு படம் எடுக்க வேண்டும். உள்ளே கசிவு ஏற்படவில்லை என்று பார்த்த பிறகே ஆஸ்பிரின் தொடங்குவார்கள். அது சிடியாகவும் இருக்கலாம், எம்ஆர்ஐயாகவும் இருக்கலாம். காங்கேயத்துக்காரருக்கு மறுநாள் எம்ஆர்ஐ எடுத்தோம். அவசரம் ஏதும் இல்லை. இடுப்பில் இருந்த வெள்ளி அரைஞாணை மனைவி மெதுவாகக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். பட்டறையில் வேலை பார்த்ததுண்டா என்று கேட்டேன். இல்லை என்று அவரே வாய் திறந்து சொன்னார். சொல் சற்றுக் குழறியது, ஆனாலும் புரிந்தது. இருபத்தைந்து நிமிடம் உள்ளே கிடந்தார். டிஃப்யூஷன் படத்தில், முந்தைய நாள் ஆஞ்சியோகிராம் காட்டிய ஆபத்துப் பரப்பில் பெரும்பகுதி கருமையாக, நலமாக இருந்தது. நடுவில் நெல்மணி அளவில் இரண்டு வெண்புள்ளிகள் மட்டும் இருந்தன.